பீக்கிங், 1900: ஆயரின் கடிதமும் தூதரின் அறிக்கையும்

சீனாவில் வெளிநாட்டினருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் எதிராக எழுந்த பாக்சர் கிளர்ச்சி, தலைநகர் பீக்கிங்கை (இன்றைய பெய்ஜிங்) நெருங்கிய 1900 மே மாதத்தில், அந்நகரிலிருந்து இரு நாள் இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு ஆவணங்கள் ஒரே ஆபத்தை முற்றிலும் வேறாக மதிப்பிட்டன.

மே 19 அன்று பிரெஞ்சுத் தூதர் பிஷோனுக்கு எழுதிய பீக்கிங்கின் கத்தோலிக்க ஆயர் ஃபாவியே, கிராமங்கள் எரிக்கப்படுவதையும் கிறிஸ்தவர்கள் கொல்லப்படுவதையும் விவரித்து, சமயப் பகை மேற்போர்வையே, ஐரோப்பியரை ஒழிப்பதே உண்மையான நோக்கம் என்று எச்சரித்தார். பிரெஞ்சுக்காரரும் மறைப்பணியாளரும் கொல்லப்பட்ட 1870 தியன்ஜின் படுகொலைக்கு முன்பிருந்த அதே சுவரொட்டிகளையும் அதே அலட்சியத்தையும் சுட்டிக்காட்டிய அவர், பீக்கிங்கிலுள்ள பெய்டாங் பேராலயத்தைக் காக்க 40 அல்லது 50 மாலுமிகளைக் கேட்டார்.

மே 21 அன்று பிரிட்டிஷ் தூதர் கிளாட் மெக்டொனால்ட், அந்த எச்சரிக்கையை உறுதிப்படுத்தும் சான்று தம்மிடம் அதிகமில்லை என்றும், சில நாள் கனமழை பெய்தாலே எந்த அரசின் நடவடிக்கையையும்விட அமைதி விரைவில் திரும்பும் என்றும் பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி பிரபுவுக்கு எழுதினார். வறட்சி கலகத்தை வளர்த்தது என்பது உண்மைதான். ஆயினும் காரணத்தைச் சரியாகக் கண்ட அவ்வறிக்கை, கலகத்தின் வேகத்தைக் காணவில்லை.

ஆயர் நடுநிலையாளர் அல்லர்; உள்ளூர் வழக்குகளில் மறைப்பணியாளர்கள் தலையிட்டதும் மக்களின் சினத்தை வளர்த்தது. எனினும், 1862 முதல் சீனாவில் வாழ்ந்து, தப்பியோடி வந்தவர்களின் வாய்மொழியை நேரில் கேட்ட அவருடைய கடிதத்தையே நான் நம்பத்தகுந்ததாகக் கருதுகிறேன். ஜூன் 20 அன்று ஜெர்மன் தூதர் கெட்டலர் கொல்லப்பட்டார். தூதரகங்கள் 55 நாட்கள் முற்றுகையில் இருந்தன. ஆயர் கேட்டபடி அனுப்பப்பட்ட சுமார் 40 மாலுமிகளே, ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்கள் தஞ்சம் புகுந்திருந்த பெய்டாங்கை ஆகஸ்ட் 16 வரை காத்தனர்.