கிளிக்கு ஒரு கிண்ணம், மைனாவுக்கு ஒரு கிண்ணம்

என் தம்பி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். அவன் வீட்டில் ஒரு ஸ்டார்லிங்கும் ஒரு கோனூர் கிளியும் வளர்கின்றன. கிருஷ்ணகிரியில் என் வீட்டில் இரண்டு காக்டெயில் கிளிகள். கோடை மழைக் காற்று அடித்தால் கூட்டிலிருந்து விழுந்த மைனாக் குஞ்சு ஒன்றையாவது யாரேனும் துண்டில் பொதிந்து கொண்டுவந்து விடுவார்கள். ஸ்டார்லிங்கும் மைனாவும் ஒரே குடும்பம். அதனால் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால் எங்கள் பேச்சு பெரும்பாலும் கிண்ணத்தில் என்ன போட்டோம், எச்சம் எப்படி இருந்தது என்பதில்தான் போய் நிற்கும். இரண்டு வகைப் பறவையையும் ஒரே வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று இருவரும் பல வழிகளைச் செய்து பார்த்துவிட்டோம். எது நின்றது, எது நிற்கவில்லை என்பதைச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். ஸ்டார்லிங் அமெரிக்காவுக்கு வந்தேறிய பறவை. 1890-ல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த சில டஜன் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். இன்று அது அந்தக் கண்டம் முழுக்க இருக்கிறது. அந்நாட்டுப் பறவைகளுக்கு உள்ள மத்தியச் சட்டப் பாதுகாப்பு அதற்கு இல்லாததால் தம்பி அதை வளர்க்க முடிகிறது. நம் ஊரில் நிலைமை நேர்மாறு. மைனாவும் பச்சைக்கிளியும் இந்த மண்ணின் பறவைகள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து கூட்டமாக வந்து நம் சோளக்காட்டில் இறங்கும் சோளப்பட்சியும் ஸ்டார்லிங் இனம்தான். அதற்கும் இதே சட்டம். காக்டெயில், பட்ஜி மாதிரி வெளிநாட்டு இனங்களை வளர்க்கலாம். கோனூர் போன்ற சிலவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். என்னிடம் வரும் மைனாக் குஞ்சுகளைப் பற்றி வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, பறக்கிற வரைக்கும்தான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

சரி, தீனிக்கு வருவோம். மைனா கையில் கிடைத்த பெரும்பாலானோர் மூன்றில் ஒன்றைச் செய்வார்கள்: கிளிக்குப் போடும் தானியத்தையே போடுவார்கள், பொட்டுக்கடலை மாவை உருட்டிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் தம்பி செய்வது போல ஊறவைத்த கலவை கொடுப்பார்கள்.

தானியம் கிளிக்கு மட்டுமே சரி. அலகைப் பார்த்தாலே இது புரியும். கிளியின் அலகு உடைப்பதற்கு அமைந்தது. தினையையும் சாமையையும் உமி நீக்கி, பருப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஸ்டார்லிங்கின் அலகோ நெம்புவதற்கு அமைந்தது. மூடிய அலகைப் புல்லுக்குள் குத்தி, உள்ளே வைத்தே திறந்து, மண்ணைப் பிளந்து புழுவை எடுக்கும். அலகைத் திறக்கும் தசைதான் அதற்குப் பலம். தினையைப் போட்டால் கிண்ணத்தைக் கிளறி இறைத்துவிட்டுப் பட்டினி கிடக்கும். மைனாவும் விதை உடைக்கிற பறவை இல்லை. கிளிகளுக்குமே தானியம் மட்டும் போதாது; வைட்டமின் ஏ குறைந்துபோகும். என் காக்டெயில்களுக்குக் காலையில் முருங்கைக்கீரையும் துருவிய கேரட்டும் தவறாமல் உண்டு. சூரியகாந்தி விதையை ஆசையாகத் தின்னும், ஆனால் ஈரலில் கொழுப்பு சேரும். அதை நான் எண்ணித்தான் போடுவேன்.

பொட்டுக்கடலை உருண்டை நம் பாட்டி காலத்து வழி. தானியத்தை விட மேல். விழுங்க எளிது, குடலுக்கும் சிரமம் இல்லை. ஆனால் புரதம் ஐந்தில் ஒரு பங்குதான். பூச்சி தின்று வளரும் குஞ்சுக்கு அது எட்டாது. இறகு முளைக்கிற வாரத்தில் அந்தக் குறை இறகிலேயே வெளிறிய கோடாகத் தெரியும். ஓர் இரவு சமாளிக்க இதைக் கொடுக்கலாம். பத்து நாளுக்கு இதையே நம்புவது குஞ்சுக்குச் செய்யும் அநியாயம்.

தம்பியின் கலவையில் ஊறவைத்த பூனை உணவோ நாய் உணவோதான் பெரும்பங்கு. அதோடு கோழிக்குஞ்சுத் தீவனம், ஓட்டோடு நசுக்கிய அவித்த முட்டை. மூன்றில் இதுதான் என் தேர்வு. பூனை உணவில் புரதம் பெரும்பாலும் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். நம் பக்கம் கோழித் தீவனம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்த தீவனம் நிறைய விற்கிறது. மருந்து கலக்காததுதான் வேண்டும். நான் இதில் ஒரு கரண்டி வெந்த கேழ்வரகுக் களியும் சேர்க்கிறேன். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, வீட்டில் எப்படியும் இருப்பதும்கூட. ஊறிய கலவை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் புளித்துவிடும். ஒஹாயோ குளிரில் மதியம் வரை வைப்பதை இங்கே சித்திரையில் வைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மாற்ற வேண்டும்.

தம்பிக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் பட்டு வளர்ப்புக்குப் பேர்போனவை. நூல் எடுத்த பிறகு கூட்டுக்குள் மிஞ்சுகிற வெந்த புழுவில், காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். மல்பெரி இலையில் மருந்து பட்டால் பட்டுப்புழுவே செத்துவிடும் என்பதால் அந்த விவசாயிகள் பூச்சிமருந்து விஷயத்தில் மிகவும் கவனமாக இருப்பார்கள். அதனால் தக்காளித் தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியை விட இதை நான் நம்புகிறேன். கொழுப்பும் அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். நூற்ற அன்றே வாங்கி, கழுவி, ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். மைனாக் குஞ்சு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு போதும்.

இனி மாம்பழம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. வைகாசி, ஆனியில் வீடு முழுக்கச் செந்தூராவும் பெங்களூராவும் கிடக்கும்போது பறவைக்கும் ஒரு துண்டு வைக்கத் தோன்றும். காக்டெயிலுக்குச் சிறு துண்டு வைக்கலாம், கெடுதல் இல்லை. ஸ்டார்லிங் குடும்பத்துக்கு வைக்கக்கூடாது. நாம் காபியில் போடும் சர்க்கரை சுக்ரோஸ். அதைக் குடலில் பிரிக்கும் நொதி இந்தக் குடும்பப் பறவைகளுக்குக் கிடையாது. பழுத்த மாம்பழத்தின் இனிப்பில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். மைனாவின் எச்சம் தண்ணீராகப் போகும், குஞ்சு என்றால் அதிலேயே துவண்டுவிடும். திராட்சையில் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் என்பதால் அது ஒத்துக்கொள்ளும். ஆலம்பழமும் அத்திப்பழமும் காட்டில் அது தானே தேடித் தின்பவை. இன்னொன்றும் உண்டு. மைனா இனங்களுக்கு ஈரலில் இரும்புச்சத்து தேங்கும் நோய் வரும், மலை மைனாவுக்கு மிக அதிகமாக. வைட்டமின் சி அந்த இரும்பை மேலும் உறிஞ்சவைக்கும். கிளிக்கு நல்லது என்று நாம் வைக்கும் ஆரஞ்சும் நெல்லிக்காயும் மைனாவின் கிண்ணத்துக்குப் போகக்கூடாது.

கூண்டு விஷயத்தில் எனக்கும் தம்பிக்கும் கொஞ்ச காலம் வாக்குவாதம் இருந்தது. ஒரே பெரிய கூண்டில் விட்டால் பழகிவிடும் என்பது அவன் வாதம். கோனூர் ஒரு நாள் ஸ்டார்லிங்கின் கால்விரலைக் கவ்வியதோடு அந்தப் பேச்சு நின்றது. விரல் தப்பியது, நகம் போனது. கிளியின் கடி எலும்பை நொறுக்கும், ஸ்டார்லிங்கின் கூர் அலகு கண்ணைத் தேடிப் போகும். இரண்டும் நல்ல பறவைகள்தான், ஆனால் ஒன்றின் சண்டை முறை மற்றதுக்குப் புரியாது.

ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டு என்பதை நான் ஒரு கோடை முழுக்கச் செய்தேன். அதுவும் சரிவரவில்லை. மைனா தீனியை உதறி எறிகிற பறவை. ஊறிய கலவை பக்கத்துக் கூண்டில் விழ, காக்டெயில் அதைத் தின்று ஒரு வாரம் சோர்ந்து கிடந்தது. ஈ.கோலை மாதிரியான பாக்டீரியா கிளியின் குடலில் இயல்பாக இருப்பது இல்லை, கெட்ட ஊறல் உணவு அதை முதலில் சாய்க்கும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். எதிர்ப்பக்கத்திலும் பிரச்சினை உண்டு. காக்டெயில் உடம்பிலிருந்து மாவு போல வெள்ளைத் தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும். அடைத்த அறையில் மற்றப் பறவையின் மூச்சுக்கு அது ஆகாது. இப்போது காக்டெயில்கள் கூடத்தில், மைனாக் குஞ்சு பின்கட்டில். முதலில் கிளிகளுக்குத் தீனி, அப்புறம் மைனாவுக்கு, நடுவில் சோப்புப் போட்டுக் கைகழுவுதல். எத்தனை வேலை இருந்தாலும் இந்த வரிசையை மாற்றுவதில்லை.

குளியலில் இரண்டும் இரண்டு விதம். மைனாவுக்குத் தினமும் அகலமான தட்டில் தண்ணீர் வேண்டும், சுவர் வரை தெறிக்கும். காக்டெயிலுக்கு வாரம் இரண்டு முறை தெளித்தால் போதும். மைனா சில நிமிடத்துக்கு ஒரு முறை எச்சமிடும், அதனால் காகிதம் காலை மாலை மாற்ற வேண்டும்.

குஞ்சு வளர்ப்பில் வித்தியாசம் இன்னும் கூடுதல். கிளிக்குஞ்சுக்குக் கூழ் போல இளஞ்சூட்டில் கரைத்துச் சிரிஞ்சில் ஊட்டுவார்கள். அது தீனிப்பையில் தேங்கி மெல்ல இறங்கும், சில மணி நேரம் தாங்கும். மைனாக்குஞ்சு வாயைப் பிளந்து கேட்கும், ஈரமான சிறு உருண்டையாகத் தொண்டைக்குள் வைக்க வேண்டும், சின்னது என்றால் அரை மணிக்கு ஒரு முறை, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை. தண்ணீரைச் சொட்டு விடவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருப்பதால் நேராக நுரையீரலுக்குப் போகும். உணவில் இருக்கும் ஈரமே போதும். எனக்கு வந்த முதல் குஞ்சுக்கு இதெல்லாம் தெரியாமல் பால்சோறு ஊட்டினேன். பறவைகளுக்குப் பால் செரிக்காது. மூன்றாம் நாள் அது இறந்தது. அந்தச் சிறிய உடம்பைச் செம்பருத்திக்கு அடியில் புதைத்த பிறகுதான் தம்பியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டேன்.

பேச்சு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். தம்பியின் ஸ்டார்லிங் "வாடா கண்ணா" என்று என் அம்மாவின் குரலிலேயே சொல்லும், வீடியோ அழைப்பில் கேட்டுப் பழகியது. கோனூர் இரண்டு சொல்லோடு நிற்கிறது. மைனா பேச வேண்டும் என்று நாக்கில் வசம்பு தேய்ப்பதும், நாக்கைச் சீவிவிடுவதும் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. பறவையின் குரல் நாக்கில் பிறப்பதில்லை, மார்புக்குள் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் பிறக்கிறது. நாக்கைச் சீவுவது வெறும் சித்திரவதை. யாராவது அப்படிச் செய்வதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

மைனாக் குஞ்சு பொதுவாக மூன்று வாரம் தாண்டியதும் கூட்டை விட்டுக் கிளம்பும். கைவளர்ப்புக் குஞ்சுக்கு நான் இன்னும் சில வாரம் கொடுக்கிறேன், தானாகப் பூச்சி பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு. அப்புறம் பின்கட்டுக் கூண்டின் கதவைத் திறந்து வைத்து, கிண்ணத்தை முருங்கை மரத்தடியில் வைப்பேன். அந்த நாட்களில் கூடத்துச் சன்னல் திறக்காது. போன வருடக் குஞ்சு பன்னிரண்டு நாள் வரை வந்து சாப்பிட்டது. பதின்மூன்றாம் நாள் வைத்த கலவை சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. எதிர்வீட்டு மின்கம்பியில் நாலைந்து மைனாக்கள் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. நான் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.