கிளாரிஃபையர் ஸ்கிராப்பரோடு ஒன்பது வருடம்

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். முதல்நிலை கிளாரிஃபையரில், அதாவது கழிவுநீரின் சேறு அடியில் படியும் தொட்டியில், ஓடும் ஸ்கிராப்பரோடு ஒன்பது வருடப் பழக்கம். வட்டத் தொட்டி. பாலத்தின் ஓரச் சக்கரம் சுவர்மேல் உருண்டு சுற்றிவரும், அடியிலிருக்கும் கைகள் சேற்றை நடுக்குழிக்குத் தள்ளும்.

வாங்கும்போது எல்லோரும் கேட்டது, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்றுதான். அரை ஹெச்பி மோட்டார், இரவு பகலாக ஓடியும் வருடத்துக்கு 4,000 யூனிட்டைச் சுற்றித்தான் வரும். கழிவுநீருக்குள் காற்று ஊதும் 50 ஹெச்பி புளோயர் ஒன்று ஐந்தே நாளில் அதைத் தின்றுவிடும்.

காசு போவதெல்லாம் தண்ணீருக்கு அடியில். கொட்டேஷனில் விலை குறைவு என்று எபாக்ஸி பூசிய சாதா இரும்புக் கைகளை எடுத்தோம். எங்கள் தண்ணீரில் உப்பும் சல்ஃபைடும் கொஞ்சநஞ்சமா! மூன்றாம் வருடம் போல்ட் அரித்து ஒரு கை தொங்கிவிட்டது. போல்ட் விலை நாலு டீக்காசு. அதை மாற்றத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும், சேற்றை அள்ள வேண்டும், புளோயர் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, விஷவாயு இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே ஆள் இறங்கலாம், அப்புறம் கிரேன். நான்கு நாள் இன்னொரு தொட்டி இரட்டைச் சுமை தாங்கி, கலங்கலாகவே வெளியே விட்டது. அப்போதே அடிப்பாகம் முழுவதையும் 316 ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றினோம். அதைவிட மலிவான 304 ரகம் போதும் என்றார்கள்; குளோரைடு இவ்வளவு இருக்கும் இடத்தில் அதை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சக்கரமும், சுற்றும் பாலத்துக்குக் கரண்ட் கடத்தும் ஸ்லிப் ரிங்கும் அடிக்கடி தொல்லை தரும். மழையில் சக்கரம் வழுக்கும், கார்பன் பிரஷ் தேயும். ஆனால் எல்லாம் மேலே இருப்பதால் அரைநாள் வேலை. அடியைத் துடைக்கும் ரப்பர் பட்டை தேய்ந்தால்தான் வம்பு. சுண்ணாம்புச் சேறு தங்கிப் புளித்து, கறுப்புக் கட்டிகளாக மேலே மிதக்கும். அதைக் கண்டால் தொட்டியைக் காலி செய்ய நாள் குறித்துவிடுவேன்.

ஒருமுறை, சுமை மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ஸ்விட்ச் அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று நைட் ஷிஃப்டில் யாரோ பைபாஸ் செய்துவிட்டார்கள். காலையில் பார்த்தால் கை வளைந்து கிடக்கிறது. அந்த பேனலுக்கு இப்போது பூட்டு, சாவி என்னிடம்.

பொங்கலுக்குத் தொழிற்சாலைகள் மூடும்போது வரத்து குறையும். இப்போதெல்லாம் அந்த நாட்களில் நாங்களே தொட்டியைக் காலி செய்து, பட்டையையும் போல்ட்டுகளையும் ஒரேயடியாக மாற்றிவிடுகிறோம். வீட்டில் பொங்கல் சாப்பிட்டு நாலு வருடம் ஆகிறது.