பழைய பெற்றோல் பம்புக்குப் பாகம் தேடுவோருக்கு: பஞ்சிகாவத்தையில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது

பழைய பெற்றோல் பம்ப் ஒன்றைத் திருத்தி எடுக்க நினைப்பவருக்குக் கொழும்பில் இந்தக் கடைக்குப் போங்கள் என்று ஒன்றை மட்டும் காட்டிவிட முடியாது. பஞ்சிகாவத்தையின் பழைய சாமான் கடைகள், அவற்றை ஒட்டிய லேத் பட்டறைகள், பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகள், இவற்றோடு வெளிநாட்டில் புதிதாகச் செய்து விற்கும் நகல் பாகங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் வேலை முடியும். எங்கள் மதிப்பீடு இதுதான்: டிங்கரிங், லேத், பெக்கிங் வேலைக்குப் பஞ்சிகாவத்தை முதல் தரம். ஆனால் பம்ப் எந்த நாட்டுடையது, எந்தக் கம்பனியுடையது என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். பிழையான பாகத்துக்குக் கப்பல் கூலி கட்டுவது அங்கேதான் தொடங்குகிறது.

“வீடர்-ரூட் பம்ப்” என்று சொல்லி விற்பார்கள். அப்படி ஒரு பம்ப் இல்லை. கலனையும் காசையும் சேர்த்துக் காட்டும் இலக்கச் சில்லுப் பெட்டியைச் செய்த கம்பனிதான் வீடர்-ரூட். 1930களின் முற்பகுதியில் விலை கணக்கிடும் பம்புகள் வந்ததிலிருந்து வெய்ன், டொக்கைம், கில்பார்கோ என்று பல கம்பனிகள் அதே பெட்டியை வாங்கிப் பொருத்தின. பம்பைச் செய்தவரின் தகடு பெரும்பாலும் கதவுக்கு உள்ளே அல்லது அடிப்பீடத்துக்குப் பக்கத்தில், பல அடுக்குப் பெயின்றுக்குக் கீழே மறைந்திருக்கும். அதைக் கத்தியால் சுரண்டாமல் பெயின்ற் ரிமூவரைத் துணியில் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். தகடு இல்லாவிட்டால் அடிப்பீட வார்ப்பில் உள்ள எண், உச்சியில் நிற்கும் கண்ணாடி விளக்கு உருண்டையான பூகோளம் இல்லாத மொத்த உயரம், கதவின் அகலம், முகக் கண்ணாடியின் அளவு ஆகியவற்றை அங்குலத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நகல் பாகம் விற்பவரிடம் படம் மட்டும் அனுப்பினால் போதாது, இந்த அளவுகளும் போக வேண்டும்.

முகத்தை வாசித்தாலும் நிறையத் தெரியும். ஷில்லிங், பென்ஸ் இருந்தால் அது பிரித்தானியாவுக்கோ அந்த நாணயம் புழங்கிய வேறு நாட்டுக்கோ செய்தது. இங்கே 1872 முதல் ரூபாவும் சதமும்தான், ஆகவே “இது நம்ம பழைய பெற்றோல் செட்டில் நின்றது” என்ற கதைக்கு அந்த முகம் பொருந்தாது. கலன் என்று இருந்தாலும் எந்தக் கலன் என்று பாருங்கள்: பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர், அமெரிக்கக் கலன் 3.785 லீற்றர். முகமே இல்லாமல் உச்சியில் கண்ணாடி உருளையும் பக்கத்தில் நீண்ட கைபிடியும் இருந்தால் அது இன்னும் பழைய இனம். அதன் உருளை உடைந்திருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது திருகுப் புரிதான். ஏவரி-ஹார்டோல், பெக்மீட்டர் போன்ற பிரித்தானியப் பம்புகளில் குழாய் இணைப்புகள் பிஎஸ்பி என்ற பிரித்தானியக் குழாய்ப் புரியில் இருக்கும். அமெரிக்கப் பம்புகளில் என்பிடி என்ற அமெரிக்கக் குழாய்ப் புரி. முக்கால் அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரி என்பதால் அமெரிக்க நொசில் பிரித்தானிய இணைப்பில் மூன்று நான்கு சுற்று நன்றாகவே ஏறும். ஆனால் பிஎஸ்பியின் புரிக்கோணம் 55 பாகை, என்பிடியின் கோணம் 60 பாகை. போதாததற்கு என்பிடி நுனி நோக்கி ஒடுங்கும். பிறகு இறுகும், ஸ்பானரால் அழுத்தினால் பித்தளைப் புரி தேய்ந்து போகும். திரெட் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது சரியாகாது. ஒரு அங்குலத்தில் பிழை சீக்கிரம் தெரியும், அங்கே பிஎஸ்பிக்கு 11 புரி, என்பிடிக்கு 11½. போல்ட்டுகளிலும் இதே பிரச்சினை: அரை அங்குலப் பிரித்தானிய விட்வர்த் போல்ட்டுக்கு 12 புரி, அமெரிக்க யூஎன்சிக்கு 13. பழைய சோனகத் தெருவில் 55, 60 பாகை இரண்டுக்கும் தனித்தனி புரி அளவி கேட்டு வாங்குங்கள். இணைப்புத் துண்டு தேவைப்பட்டால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். பழைய துண்டைக் கையில் கொடுத்து ஒரு பக்கம் பிஎஸ்பி, மறுபக்கம் என்பிடி என்று சொன்னால் பஞ்சிகாவத்தை லேத்தில் பித்தளையில் வெட்டித் தருவார்கள். இந்த வேலையில் அவர்களுக்கு முழு மதிப்பெண்.

பெக்கிங்கும் அப்படித்தான். பழைய தக்கை, தோல் பெக்கிங்குகள் காய்ந்து பொடியாகியிருக்கும். அவற்றின் வடிவத்தைக் கடதாசியில் எடுத்துப்போய், பெற்றோல் தாங்கும் நைட்ரைல் கலந்த தக்கைத் தாளில் வெட்டச் சொல்லுங்கள். சாதாரண றப்பர் தாளைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பெற்றோல் பட்டால் ஊதிவிடும்.

இலக்கச் சில்லுப் பெட்டியைக் கராஜ் பையனிடம் கொடுக்கவே கூடாது. முதலில் தின்னரில் கழுவுவார்கள், சில்லில் உள்ள இலக்கம் முழுதும் கரைந்து போகும். இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ், இவை போதும். காய்ந்தபின் தையல் மெஷின் எண்ணெயை ஊசியால் ஒவ்வோர் அச்சிலும் ஒரு துளி. கிறீஸ் பூசினால் தூசு பிடித்து மறுபடி இறுகும். பூச்சியத்துக்குத் திருப்பும் கைபிடி இறுகியிருந்தால் பலத்தைக் காட்டாதீர்கள், எதிர்த்திசையில் முறுக்கினால் உள்ளே சின்னப் பல் உடையும், அந்தப் பல் தனியாகக் கிடைக்காது. இன்னொரு உடைந்த பெட்டி வாங்கித்தான் எடுக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் சுழல் பம்ப் இறுகியிருப்பது வழக்கம். மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதுதான் பெரிய பிழை, இறுகிய இறகுகள் முறிந்துவிடும். ஓட்டோ கியருக்கு ஊற்றும் எண்ணெயான ஏடிஎப்பும் அசற்றோனும் சம அளவில் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, கப்பியைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். திறந்த இடத்தில், நெருப்பில்லாமல், பெயின்றில் படாமல். காட்சிக்கு மட்டும் நிறுத்துவதானால் மீற்றரைத் திறக்கவே தேவையில்லை.

தகர வேலைக்கு வருவோம். இங்குள்ள டிங்கரிங் பாஸ்மாரின் கை அருமையானது. கதவின் அடியில் அரித்துப்போன நாலு அங்குலத்தை வெட்டி, அதே தடிப்புத் தகரம் ஒட்டி, ஒட்டு தெரியாமல் தட்டித் தருவார்கள். ஆனால் வெல்டிங்குக்கு முன் பம்ப் அலகையும் குழாய்களையும் கழற்றி வெளியே எடுத்திருக்க வேண்டும். எத்தனை வருடம் சும்மா கிடந்தாலும் உள்ளே பெற்றோல் ஆவி தங்கியிருக்கும். மணல் அடிப்பதற்கும் சம்மதிக்காதீர்கள், அகலமான மெல்லிய கதவு மணல் அடிபட்டு அலை அலையாக நெளியும், பிறகு நேராகாது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கும் என்பதால் காய்ந்தபடி தேய்க்கவும் கூடாது. ரிமூவர் போட்டு, ஈரத்தோடு வாட்டர் பேப்பர் பிடிப்பதுதான் சரி.

கீல், கொண்டி, சின்ன இரும்புத் துண்டுகளின் கறளைப் போக்க 10 லீற்றர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பற்றறி சார்ஜர். கறள் துண்டு எதிர் (–) முனையில், பழைய சாதா இரும்பு நேர் (+) முனையில். அந்த இடத்தில் ஸ்டெய்ன்லெஸ் போட்டால் தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். அலுமினியத்தையும் நாகத்தையும் உள்ளே போட்டால் கரைந்துவிடும். கிளம்பும் வாயு ஹைட்ரஜன், ஆகவே மூடிய அறையில் வேண்டாம். வெறும் இரும்பாக்கிய தகரத்துக்கு அன்றைக்கே எபொக்சி பிரைமர் அடிக்க வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கக் கடற்காற்றில் ஓர் இரவு விட்டாலே கறள் பூத்துவிடும். மூலநிறம் தெரிய வேண்டுமானால் தகட்டுக்கு அடியிலோ கீல் மறைவிலோ பாருங்கள். வெயில் படாத இடத்தில்தான் நிறம் உண்மையாக இருக்கும்.

பளபளக்கும் ஓர வார்ப்புகளைத் தட்டிப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் கனமாகவும் சாம்பல் நிறமாகவும் இருந்தால் பெரும்பாலும் நாகக் கலப்பு வார்ப்பு. ஏறக்குறைய 385 பாகை செல்சியசிலேயே உருகிவிடும், வெல்டிங் டோர்ச் வைத்தவுடன் துண்டு நிலத்தில் சொட்டும். விரிசல் உள்ளதை எபொக்சியால் ஒட்டி, பின்பக்கத்தில் தகட்டுத் துண்டு கொடுத்துத் திருகுவதே வழி. விரிசல் வலைபோல் எங்கும் ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள், அது உள்ளேயே அரித்துவிட்டது.

இனிப் பூகோளமும் சின்னமும். இங்கே செய்துகொடுக்கும் ஸ்டிக்கர் வெட்டு சுத்தமாக இருக்கிறது, ஆனால் இணையத்தில் முதலில் கிடைத்த ஷெல் சிப்பியை அப்படியே வெட்டித் தந்துவிடுகிறார்கள். அது 1971இல் ரேமண்ட் லோவி வடிவமைத்தது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961இல் உருவாகி, 1964க்குள் ஷெல், கால்டெக்ஸ், எஸ்ஸோவின் பெற்றோல் விநியோகம் முழுவதும் அதன் கைக்கு வந்துவிட்டது. 1971 சிப்பியோடு நிற்கும் பழைய கொழும்புப் பம்ப் வரலாற்றில் இருந்திருக்க வழியில்லை. பழைய சிப்பி வரிகள் கூடியது, விளிம்பு நெளிந்தது. அதன் படத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பூகோளத்தைப் பொறுத்தவரை, பிரித்தானியப் பழைய பால் கண்ணாடிப் பூகோளங்களில் பெரும்பாலும் கழுத்தடியில் கம்பனிக்குச் சொந்தமானது, கேட்டால் திருப்பித் தரவேண்டும் என்ற வாசகம் பதிந்திருக்கும். இல்லாததை நகல் விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

முகக் கண்ணாடியைக் கண்ணாடிக் கடையில் எடுக்கும்போது துளையும் வளைவும் முதலிலேயே வெட்டிவிட்டுத்தான் டெம்பர் செய்யச் சொல்ல வேண்டும், பிறகு வெட்ட முடியாது. உள்ளே வெளிச்சத்துக்குப் பழைய சோக்கும் டியூப்பும் வேண்டாம். 12 வோல்ட் எல்ஈடி பட்டியும் நல்ல அடாப்டரும் போதும். அமெரிக்க மோட்டர் 115 வோல்ட், 60 ஹேர்ட்சுக்கு உரியது. நம்முடைய 230 வோல்ட்டில் நேரே சொருகினால் எரியும். ஸ்டெப் டவுன் போட்டாலும் 50 ஹேர்ட்சில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழன்று சூடேறும். காட்சிப் பம்புக்கு மோட்டரின் வயரைத் துண்டித்து, மோட்டரை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.