காஸி நீர்மூழ்கி மாடல் கிட்: வாங்கலாமா?

கும்பகோணத்துப் பொம்மைக் கடைகளில் 1:350 அளவு நீர்மூழ்கி கிட் கிடைக்கிறது. 1971 டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிய பாகிஸ்தானின் காஸியை இதிலிருந்து செய்யலாம். அசல் கப்பல் 95 மீட்டர். மாடல் 27 சென்டிமீட்டர் வரும்.

பெட்டியில் இருப்பதோ இரண்டாம் உலகப்போர்க் கால வடிவம். காஸி முதலில் டயாப்லோ என்ற அமெரிக்க நீர்மூழ்கியாக இருந்து, ஸ்நார்க்கெல் (நீருக்கடியில் இருந்தபடியே காற்றை இழுக்கும் குழாய்) பொருத்தப்பட்டு 1964-ல் பாகிஸ்தானுக்குக் கைமாறியது. அதனால் மேல்தளப் பீரங்கியை ஒட்டாமல் விடுங்கள். திறந்த கோபுரத்துக்குப் பதில், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வளைத்து மூடிய கோபுரம் செய்ய வேண்டும். அதிக வேலை இதில்தான்.

உடலின் இரு பாதிகளும் சற்று முறுக்கியே வருகின்றன. மொத்தமாக ஒட்டினால் முன்மூக்கில் இடைவெளி விழும். நடுவில் தொடங்கி, இரண்டு இரண்டு அங்குலமாக ஒட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒட்டிய இடத்தில் பூசும் பட்டி காய்ந்ததும் சுருங்கும். மறுநாள் இன்னொரு பூச்சு கொடுத்து, 400, பிறகு 800 உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கவும். ஐப்பசி அடைமழையில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் கறுப்பு வெளுத்துப் பூத்துவிடும். தை வரை பொறுங்கள். நாகைப் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரில் ஸ்டிக்கரை ஊறவைத்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கேன் தண்ணீர் போதும்.

விவரத்தாள்தான் பெரிய குறை. இந்தியப் போர்க்கப்பல் ராஜ்புத் போட்ட ஆழ்வெடிகளே (நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள்) காஸி மூழ்கக் காரணம் என்று முடித்துவிடுகிறது. இது இந்தியத் தரப்பு. கப்பலுக்குள் நேர்ந்த வெடிப்பு, அல்லது அதுவே விதைத்த கண்ணிவெடி என்பது பாகிஸ்தான் தரப்பு. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த வரியாவது தாளில் இருந்திருக்க வேண்டும்.