தடி மில்லுக்குப் போவதா, ரம்பம் தடிக்கு வருவதா?

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறிப் போனபிறகு எங்கள் தோட்டத்தில் நிமிர்ந்து நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலங்குடிப் பக்கம் ஐந்தரை ஏக்கர். தென்னை போனது தனிக்கதை. அப்பா வைத்த பலாவில் பதினொன்று, வேலியோரத்து வேம்பு நாலு, ஒரு தேக்கு வேரோடு சாய்ந்து கிடந்தன. பத்து நாளைக்குள் வியாபாரிகள் வந்து மொத்தமாக ஒரு விலை சொன்னார்கள். விறகு விலை. முப்பது வருஷம் வைரம் பாய்ந்த பலாவை அந்த விலைக்குத் தர மனசு ஒப்பவில்லை. மாட்டுக்கொட்டகைக் கூரை பறந்துவிட்டது. நிலை, கதவு, உத்திரம் எல்லாமே வேண்டும். மரத்தை நாம் வைத்துக்கொண்டு மரவாடியில் போய் வாங்குவதா என்றுதான் தோன்றியது.

முன்னால் இருந்த வழிகள் மூன்று. வியாபாரிக்குக் கொடுத்துவிடலாம். தடியை, அதாவது கிளை கழித்த அடிமரத்தை, ஏற்றிக்கொண்டு போய் அறுவை மில்லில் கூலிக்கு அறுக்கலாம். அல்லது செயின் சாவில் (கையில் பிடித்து ஓட்டும் சங்கிலி ரம்பம்) பொருத்தும் அலுமினியச் சட்டம் ஒன்றை வாங்கி, மரம் விழுந்த இடத்திலேயே பலகையாக்கலாம். நான் மூன்றாவதற்குப் போனேன், இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் எல்லாருக்கும் அதைச் சொல்லமாட்டேன். காரணம் ஒரு சின்ன அரம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வியாபாரிக்குக் கொடுப்பதில் அலைச்சல் இல்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அளவை மட்டும் கவனிக்க வேண்டும். தடியின் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவதுதான் இங்கே வழக்கம். 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் கணக்குக்கு 10 கன அடி. அந்தத் தடியில் உண்மையில் இருக்கும் மரம் 12.7 கன அடிக்கு மேல். அறுப்பில் வீணாவதை முன்கூட்டியே கழித்துக்கொள்ளும் பழைய கணக்கு இது, ஏமாற்று என்று சொல்லமுடியாது. பட்டைக்கென்று மேலும் ஒன்றிரண்டு அங்குலம் கழிப்பார்கள், அங்கேதான் பேசி நிற்க வேண்டும். அடிமரம் நேராகவும் பருமனாகவும் இருந்தால் விறகோடு விறகாகச் சேர்த்துவிடாதீர்கள். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாதான் மரம். அந்தத் தொழிலுக்கு மரம் வாங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

மில்லின் பெரிய பலம் சேதாரம் குறைவு. மில்லில் ஓடும் பேண்ட் சா (வளையமாகச் சுற்றும் பட்டை ரம்பம்) பிளேடு ஒரு வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் போலத் தின்னும். என் செயின் ஒன்பது மில்லிமீட்டர் தின்கிறது. ஒரு அங்குலப் பலகையாகவே போட்டால் என் முறையில் மரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தரையில் பொடியாகக் கிடக்கும். மில்லில் ஒன்பதில் ஒரு பங்குதான் போகும். ரீப்பர், மெல்லிய சட்டம் வேண்டுமென்றால் யோசிக்கவே தேவையில்லை, மில்தான். வேகமும் அங்கேதான். எனக்கு ஒரு நாள் பிடிக்கும் தடியை அவர்கள் டீ குடிக்கும் முன் முடித்துவிடுவார்கள்.

சிக்கல் தடியை அங்கே கொண்டு சேர்ப்பதில். மேலே சொன்ன அந்தப் பத்தடிப் பச்சைத் தடி முந்நூறு கிலோவுக்குக் குறையாது. கஜாவுக்குப் பிறகு தோட்டம் முழுக்கச் சாய்ந்த தென்னை. டிராக்டர் உள்ளே வரவே வழியில்லை. வந்தாலும் ஏற்று கூலி, வண்டி வாடகை, இறக்கு கூலி. மில்லில் அப்போது தடி மேல் தடியாகக் குவிந்து கிடந்தது. முறை வர மாசக் கணக்கில் ஆகும் என்றார்கள். அதுவரை பட்டையோடு மண்ணில் கிடந்தால் பட்டையை ஒட்டிய வெள்ளை மரப் பகுதியில் வண்டு விழுந்துவிடும். இதற்கெல்லாம் மேலே வேம்பு. அதை மட்டுமாவது ஏற்றலாம் என்று போய்க் கேட்டேன். அறுக்கிறவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, வேலி மரமா? அப்படின்னா ஏத்தாதீங்க. உள்ள ஆணி, கம்பி இருந்தா பிளேடு போயிரும். பிளேடு காசு நீங்கதான் தரணும்." அவர் சொன்னது நியாயம். எங்கள் வேம்பு நாலிலும் தாத்தா காலத்து முள்கம்பி பட்டைக்குள்ளே போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அப்படித்தான் நானும் பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவும் சேர்ந்து மெஷின் வாங்கினோம். கடையில் மலிவாகக் கிடைக்கும் 58 சிசி மெஷின் கிளை கழிக்கப் போதும். தடியை நீளவாக்கில் பிளக்க 70 சிசியாவது வேண்டும், அதற்கு மேல் இருந்தால் நல்லது. 24 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) போட்டால் சட்டத்தின் பிடி போக இருபது அங்குல அகலம்வரை அறுபடும். முதல் வெட்டுக்கு மட்டும் தடியின்மேல் நேரான ஏணியோ இரும்புச் சட்டமோ ஆணியடித்து நிறுத்தி, அதன்மேல் ஓட்ட வேண்டும். அந்த முதல் தளம் கோணினால் அடியில் வரும் பலகை அத்தனையும் கோணும். அதற்குப் பிறகு அறுத்த முகமே வழிகாட்டி. கண்ணுக்கும் காதுக்கும் காப்பு இல்லாமல் தொடவே கூடாது.

இப்போது அரம். மெஷின் விலை, பெட்ரோல், ஆயில் எல்லாம் ஒரு தடவை கணக்குப் போட்டால் முடிந்தது. கூர் அப்படி முடியாது. குறுக்கே வெட்டும்போது மொண்ணைச் செயின்கூட எப்படியோ வெட்டிவிடும். நீளவாக்கில் நாரோடு நாராகப் போகும்போது பல் கூராக இல்லையென்றால் மெஷின் கத்தும், சூடேறும், நகராது. நீளவாக்குக்கென்று வரும் செயினில் பல்லின் சாய்வு பத்து டிகிரி. சாதாரணச் செயினில் முப்பது போல இருக்கும். அந்தச் செயின் கிடைக்காவிட்டால் சாதாரணச் செயினையே ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துக்குக் கொண்டுவரலாம், நான் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்ன மேடு இருக்கும். அது பல் நுனியைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்க வேண்டும். பல்லைத் தீட்டித் தீட்டிக் குறைத்துவிட்டு இந்த மேட்டை மறந்தால் எவ்வளவு கூராக இருந்தாலும் பல் மரத்தைத் தொடாது.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் வீட்டுக்கு நிலை செய்த ஆசாரி. முதல் தடியில் நான் மெஷினை இடுப்பால் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து ஒரு கை பொடியை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். "சத்தத்தக் கேக்காதீங்க தம்பி, இதப் பாருங்க. மஞ்சப்பொடி கணக்கா மாவா இருக்கு பாருங்க. பல்லு மொண்ணை. துருவலா வரணும்." பலாப் பொடி மஞ்சள்தூள் நிறம், ஈரமாக இருந்தது, விரலில் ஒட்டியது. நிறுத்தி, தடியிலேயே பாரைக் கட்டிவைத்து, ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு என்று சுற்றி வந்தேன். அடுத்த வெட்டில் மெஷின் தானாக நகர்ந்தது. ஒன்பதடிக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்.

இன்னொன்றும் அன்றைக்கே தெரிந்தது. வலது கை வாகில் அழுத்தித் தீட்டியதில் ஒரு பக்கத்துப் பற்கள் குட்டையாகிவிட்டன. பலகையில் ஒரு ஓரம் ரெண்டு அங்குலம், மறு ஓரம் ரெண்டரை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இழுப்பு, ஒரே அழுத்தம் என்று கைக்குப் பழக எனக்கு மூன்று தடி ஆனது. இப்போது இரண்டு வெட்டுக்கு ஒரு தடவை தீட்டுகிறேன், ஐந்து நிமிஷம். வேம்பில் முள்கம்பி இருமுறை சிக்கியது. ஏழெட்டுப் பல்லின் முனை மழுங்கியது, அரைமணி நேரம் அரம் பிடித்து மறுபடி ஓட்டினேன். மில் பிளேடாக இருந்திருந்தால் அந்த வேம்பு இன்னும் வேலியோரத்திலேயே மக்கிக்கொண்டிருக்கும். நிழலில் உட்கார்ந்து நாற்பது ஐம்பது பல்லைப் பொறுமையாகத் தீட்ட மனமிருக்கிறவர் மெஷின் வாங்கலாம். தீட்டுவதற்கு டவுனுக்குக் கொடுத்தனுப்புவேன் என்பவர் வாங்கவேண்டாம், மில்லுக்கே போங்கள்.

சேதாரத்துக்கும் ஒரு வழி கண்டோம். தோட்டத்தில் மெல்லிய பலகை போடுவதே இல்லை. ரெண்டு அங்குலம், மூன்று அங்குலக் கனத்தில்தான் பிளப்பது. ரெண்டு அங்குலத்தில் சேதாரம் ஏழில் ஒரு பங்காக இறங்கிவிடும். அந்தக் கனத்தில் இரண்டு பேர் தூக்கி டிராலியில் வைத்துவிடலாம், கிரேன் வேண்டாம். பலகையின் இரண்டு முனையிலும் பழைய பெயிண்டைப் பூசி, இரண்டடிக்கு ஒரு ரீப்பர் குச்சி கொடுத்து, காற்று போகும்படி கொட்டகை நிழலில் அடுக்கி, மேலே கல் ஏற்றிவைத்தோம். ஒரு வருஷம் கழித்து, தேவைப்பட்டதை மட்டும் மில்லில் கொடுத்து மெல்லிதாக்கினோம். கொட்டகையின் உத்திரம், நிலை இரண்டு, கதவு ஒன்று, அம்மாவுக்கு ஒரு நீளப் பெஞ்சு அதில் வந்தன. அறுத்தபோது பளிச்சென்று மஞ்சளாக இருந்த பெஞ்சு இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது.

தண்டவாளத்தில் ஓடும் சின்ன பேண்ட் சாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரே ஒரு நாள் வேறொருவர் தோட்டத்தில் ஓடுவதைப் பார்த்ததோடு சரி. வெட்டு சுத்தமாக இருந்தது, பொடி குறைவு. கையில் பிடித்து வேலை செய்யாததால் நல்லது கெட்டது சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும்: நிலையாக ஒரு ரம்பத்தை நிறுவுவதாக இருந்தால் முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கூடலூர்க் காட்டை வைத்துத் தொடங்கிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று உத்தரவு போட்ட நாளிலிருந்து மர மில் விஷயத்தில் கெடுபிடி உண்டு. தேக்குத் தடியை வண்டியில் ஏற்றினாலும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். மரப் போக்குவரத்து விதிகள் 1968 முதலே இருக்கின்றன. சந்தனம் சொந்த வரப்பில் நின்றாலும் கேட்காமல் கைவைக்கக் கூடாது.

நான் அறுத்ததெல்லாம் பலாவும் வேம்பும்தான். அந்த ஒற்றைத் தேக்கை மில்லுக்குத்தான் அனுப்பினேன்: நேரான தடி, கம்பி கிடையாது, விலை கூடிய மரத்தில் ஒன்பது மில்லிமீட்டர் பொடியாவதைப் பார்க்க வயிறு எரியும். மேற்கு வரப்பில் இன்னும் இரண்டு தேக்கு நிற்கிறது, அதுவும் சீட்டு வாங்கி மில்லுக்குத்தான். புயலில் பாதி சாய்ந்து தப்பிய ஒரு பலா போன மாசம் பட்டுப்போனது. அதற்குச் செயினைத் தீட்டி வைத்திருக்கிறேன்.