உழவு இயந்திரத்தின் இருக்கையை மாற்றக் கொடுக்க இருப்பவர்களுக்கு

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணத்தை இன்னொரு போகத்தில் தேடிக்கொள்ளலாம். ஆனால் போன மாதம் இரணைமடு வாய்க்கால் கட்டின் மேல் என் உயிரே போகப் பார்த்தது. காலபோக உழவுக்கு முன்பு பலர் இதே வேலைக்குக் கொடுப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது மாசி பெர்குசன் 240. இதன் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. வரம்பில் விழும் அடியெல்லாம் டயரைத் தாண்டி நேரே இருக்கைக்கு வரும். பதினைந்து வருட உழவில் என் இடுப்பு விட்டுப்போனது. "அண்ணை, வெளிநாட்டு ஸ்பிரிங் இருக்கை போட்டு, மிதிகளையும் உங்கள் காலுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறேன்" என்றார் பட்டறைக்காரர். நம்பி 90 ஆயிரம் முற்பணம் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் "சீற் வேலை" என்று மட்டும் எழுதியிருந்தார். அதை அன்றே கேட்காதது என் பிழை.

சிறுபோக நெல்லைப் பின்னால் இழுக்கும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கட்டின் மேல் ஏறும்போது கியரை மாற்றக் கிளச்சை மிதித்தேன். மிதித்த வேகத்தில் இருக்கை என்னோடு பின்னுக்குச் சறுக்கியது. கால் கிளச்சை விட்டுப் போனது. இயந்திரம் வெட்டி இழுத்து, முன்சக்கரங்கள் எழும்பின. பிரேக்கைத் தேடிய வலது கால் வெறும் காற்றில் நின்றது. சக்கரத்தின் மட்காட் மேல் இருந்த பையன் குதித்துவிட்டான். நான் பெட்டியோடு வாய்க்காலுக்குள் போனேன். இரண்டு விலா எலும்புகளில் வெடிப்பு. பதினெட்டு மூடை நெல் நனைந்தது. அந்தப் பிள்ளை டயருக்குள் அகப்பட்டிருந்தால் அவன் தாயின் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

பிறகு வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்தார். வெளிநாட்டு இருக்கை என்றது, உடைத்த வான் வண்டி ஒன்றின் இருக்கை. அது முன்பின் நகரும் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்து நீண்டிருந்தன. பூட்டு முள் அவற்றில் நிற்கவே இல்லை. தண்டவாளத்தையும் இயந்திரத்தின் உடலில் போல்ட் போட்டு இறுக்காமல், மெல்லிய தகடு ஒன்றில் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டிருந்தார்கள். வலது பக்கத்து இரண்டு பிரேக் மிதிகளையும் ஒரே தகட்டால் சேர்த்து ஒட்டியிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவை தனித்தனியாக இருப்பதே வயலுக்குள் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துத் திருப்புவதற்காக. வீதிக்கு வந்தால் கொளுவியைப் போட்டு இரண்டையும் சேர்த்துக்கொள்வோம். உழவு தெரிந்த எவனும் அவற்றை நிரந்தரமாக ஒட்டமாட்டான்.

கனடாவில் சிறிய விமானம் ஓட்டப் பழகும் என் மருமகனிடம் இதைச் சொன்னேன். செஸ்னா விமானங்களிலும் இப்படி நடந்திருக்கிறதாம். மேலெழும்பும் நேரத்தில் இருக்கை பின்னுக்குப் போனால், விமானி பிடித்திருக்கும் கைபிடியும் அவரோடு இழுபடும்; மூக்கு நிமிர்ந்து, இறக்கை தாங்கும் விசையை இழந்துவிடும். அதனால் 1987-இலேயே அமெரிக்க விமானத்துறை, அந்த இருக்கைகளின் தண்டவாளத்தையும் துளைகளையும் முள்ளையும் சோதிக்கும்படி உத்தரவிட்டது. புறப்படும் முன் இருக்கை பூட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

பட்டறைக்காரரிடம் போனபோது, "நீங்கள் சரியாகப் பூட்டியிருக்கமாட்டீர்கள் அண்ணை" என்றார். என் பழைய இருக்கையைத் திருப்பித் தாருங்கள் என்றேன். அதைப் பழைய இரும்போடு விற்றுவிட்டாராம். என்னிடம் கேட்காமலே! பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் முறையிட்டிருக்கிறேன்.

ஏற்கனவே இருக்கை மாற்றியவர்கள், இயந்திரத்தை நிறுத்திவைத்து, ஏறி இருந்து, ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் இரு கால்களாலும் மிதித்துப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். ஒரு விரல் அளவு அசைந்தாலும் வாய்க்கால் கட்டின் மேல் இயந்திரத்தை ஏற்றாதீர்கள். இனிக் கொடுப்பவர்கள், போடப்போகும் இருக்கையை முதலில் கண்ணால் பாருங்கள். என்ன பொருள், எங்கே இறுக்குவது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பொருட்களை அன்றே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

என் பழைய இருக்கையின் இடது ஓரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. பழைய இரும்புக் கடைகளில் யாராவது கண்டால் சொல்லுங்கள். கேட்கிற விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.