கியூரிங் ஓவன் கேட்டேன், டிரையரைத் தலையில் கட்டினார்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டில் சிறியதொரு பவுடர் கோட்டிங் பட்டறை (உலோகத்தின் மேல் வண்ணத் தூளைத் தெளித்துச் சூட்டில் இறுக வைக்கும் வேலை) நடத்தி வருகிறேன். அந்தத் தூளை இறுக வைக்கும் கியூரிங் ஓவனைப் புதிதாக வாங்க இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் பக்கம் ஓவன் என்ற ஒரே சொல்லுக்குள் பல சாமான்கள் அடங்கிவிடுகின்றன. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பசையை இளக்குவதற்கு 60 முதல் 80 டிகிரி போதும். கழுவிய இரும்புப் பாகங்களின் ஈரத்தைப் போக்க 110 டிகிரி போதும். பவுடர் கோட்டிங்கின் கதை வேறு. தூள் உருகிப் பளபளப்பானால் மட்டும் போதாது, அதிலுள்ள பிசினும் கடினமாக்கியும் வினைபுரிந்து இறுகவும் வேண்டும். நான் பயன்படுத்தும் தூளுக்கு 200 டிகிரியில் 10 நிமிடம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. அது காற்றின் சூடு அன்று, உலோகத்தின் சூடு.

கியூரிங் ஓவன் கேட்டதற்கு, விற்றவர்கள் விலைப்புள்ளியில் 100 மி.மீ. ராக்வூல் (சூடு வெளியேறாமல் தடுக்கும் கனிமப் பஞ்சு) என்றும், 220 டிகிரி வரை சீரான காற்றோட்டம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவிய நாளன்று காலிப் பெட்டியை ஓட்டிக் காட்டினார்கள். திரையில் 200 என்று வந்ததும் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாவது வாரம், நாங்கள் அனுப்பிய பேனல்கள் திரும்பி வந்தன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தகட்டை வளைத்தால் பூச்சு விரிசல் விட்டது. கரைப்பானில் நனைத்த துணியால் தேய்த்தபோது நிறம் துணியோடு வந்தது. சந்தேகப்பட்டு, சரக்கு ஏற்றிய நிலையில் தகடுகளிலேயே தெர்மோகப்பிள்களை (சூட்டை அளக்கும் கம்பி உணரிகள்) கட்டிப் பார்த்தேன். திரை 200 காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கதவோரக் கீழ்மூலைத் தகடு 158ஐத் தாண்டவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றியபோது காரணமும் தெரிந்தது: ராக்வூல் 50 மி.மீ.தான் இருந்தது, சென்சாரோ ஹீட்டரிலிருந்து ஒரு சாண் தொலைவிலேயே பொருத்தப்பட்டிருந்ததால் ஹீட்டர் பக்கத்துச் சூட்டையே திரையில் காட்டியது. டிரே டிரையரின் (தட்டுகளில் வைத்து ஈரத்தை உலர்த்தும் பெட்டியின்) கூட்டில் ஹீட்டரை மட்டும் கூட்டி விற்றிருக்கிறார்கள்.

தொலைபேசியில் கேட்டதற்கு, "ஓவன்னா எல்லாம் ஒண்ணுதானே சார், இன்னும் பத்து நிமிஷம் கூட வையுங்க" என்றார் விற்றவர். 158 டிகிரியில் அந்தத் தூளைப் பத்து நிமிடம் கூடுதலாக வைத்தாலும் இறுகாது; மேல்தட்டில் உள்ளது மட்டும் மஞ்சளிக்கும்.

மீதித் தொகையைத் தருவதற்கு முன், உங்கள் சரக்கையே முழுமையாக ஏற்றி, மூலைகளிலும் நடுவிலும் தகட்டின் சூட்டை அளந்து காட்டச் சொல்லுங்கள்; அந்த நிபந்தனையை ஆர்டரிலேயே எழுதுங்கள். ராக்வூலின் தடிப்பை, பக்கத் தகட்டை மூடுவதற்கு முன்பே அவர்கள் பட்டறைக்குப் போய் அளந்துவிடுங்கள்.

அந்தப் பெட்டி இப்போது என்னிடம் கழுவிய பாகங்களை 110 டிகிரியில் உலர்த்துகிறது. அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது.